இரண்டு கோடுகள்

மார்ச் 4

அன்புள்ளவருக்கு,

நலம்தானே? மழைக்கோட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. தினமும் ஒரு தடவை நீங்கள் என்று நினைத்துவிடுகிறேன்.

"நமக்கு எதுலயும் ஒத்தே போகல" என்று சொல்லிக் கிளம்பினீர்களே, அதற்கு என் ஆய்வுக்கூடத்தில் ஒரு மறுப்பு கிடைத்திருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன் நம் சேர்ந்திசைக் குழுவில் இதயத் துடிப்பை அளக்க எல்லோர் நெஞ்சிலும் ஒயர் ஒட்டிப் பாட வைத்தேனே, அந்தப் பதிவுகளைப் பிரித்தேன். சேர்ந்து பாடுகிறவர்கள் ஒரே இடத்தில் மூச்சை இழுத்து, ஒன்றாக நீள விடுகிறார்கள். மூச்சின் பின்னாலேயே இதயமும் வேகம் கூடிக் குறைகிறது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய அப்படி. நம் இருவர் துடிப்பின் கோடுகளோ, கறுப்பு என்னுடையது, நீலம் உங்களுடையது, ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்துகின்றன. பாருங்கள், இத்துடன் வைத்திருக்கிறேன்.

22ஆம் தேதி சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, நாம் பாடிய அதே கூடத்தில் மறுபடி அளக்கிறேன். வந்து நில்லுங்கள். வீட்டுக்கு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எழுதும்போதே கேட்டுவிட்டேன், போங்கள்.

இரண்டு டம்ளர் எடுத்து ஒன்றைத் திரும்ப வைக்கும்,
உங்கள் மனைவி

மார்ச் 11

ஆராய்ச்சிக்காரிக்கு,

உன் காகிதத்தை ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். "என்ன சார், ஹார்ட்ல ஏதாவது பிரச்னையா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். "ஆமா சார், பழைய பிரச்னை" என்றேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. அன்றைக்கு நான் பாடவே இல்லை. சுருதி தப்பினால் நீ திரும்பி முறைப்பாயே, அதற்குப் பயந்து அந்தக் குழுவில் நான் வாயை மட்டும்தான் அசைத்துக்கொண்டிருந்தேன். பாடாமலேயே என் நெஞ்சு உன் கூட வந்திருக்கிறது பார்!

வருகிறவன்

மார்ச் 15

அன்புள்ளவருக்கு,

பாடாதவருடைய மூச்சு பாட்டின்படி போகாது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் மூலப் பதிவைத் திறந்தேன். என் கோட்டையே இரண்டு முறை அச்சடித்திருக்கிறேன். கறுப்பும் நான்தான், நீலமும் நான்தான். அடுத்தவர் வேலையில் ஒரு புள்ளி தவறினாலும் பிடிப்பவள், இதைச் சரிபார்க்கவில்லை. மனம் வரவில்லை.

உங்களுடைய கோடு தன் பாட்டுக்குத் தனியே போகிறது. அதையும் வைத்திருக்கிறேன்.

சொல்லாமல் விட்டிருந்தால் வந்திருப்பீர்கள், தெரியும். ஆனால் அந்தக் காகிதத்தை நம்பி வர வேண்டாம். அது இல்லாமலும் வரலாம். ஒயர் ஒட்ட மாட்டேன். முறைக்கவும் மாட்டேன்.

உங்கள் மனைவி

மார்ச் 23

அன்புள்ளவருக்கு,

நேற்று உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தேன். "என்னம்மா, உங்க ஆளு எங்க? ஆரம்பிக்கலாமா?" என்றார் பாட்டு மாஸ்டர். "பத்து நிமிஷம் பாக்கலாம் சார்" என்றேன். அப்படி மூன்று பத்து நிமிஷம் போயிற்று.

பாட்டு தொடங்கியதும் எனக்குக் குரல் எழும்பவில்லை. வாயை மட்டும் அசைத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இத்தனை வருடம் நீங்கள் இப்படித்தான் நின்றீர்களா? இப்படி நின்றால் மற்றவர்கள் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது! பக்கத்தில் நிற்பவருடையது இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கும்.

என் பக்கத்தில் நேற்று யாரும் இல்லை.

மழைக்கோட்டைத் தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அங்கே மழை பிடித்துக்கொண்டது என்று செய்தியில் சொன்னார்கள்.

நான்