பால் குடித்த காது மெஷின்

அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் பெரிதாக ஒன்றும் இல்லை, அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, இறங்கும்போது சும்மா இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாப்பாவுக்குக் கீழ்ப்பல் இரண்டு வந்திருப்பதைப் போட்டோவில் பார்த்தேன், சிரிப்பு அப்படியே உன் சிரிப்பு. போனில் பேசுவதை விட்டுவிட்டு இவள் எதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன மாதம் நீ கூப்பிட்டபோதெல்லாம் அவள் குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள், கை ஈரமாக இருக்கிறது என்று அப்பாதான் பேசினார் இல்லையா, அத்தனையும் பொய். நான் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையைப் போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், இல்லை நான் அழுவேன், அதனால்தான் கடிதம்.

நீ கூடுதல் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்து வாங்கி அனுப்பினாயே காது மெஷின், அது போய்விட்டது. பதறாதே, இப்போது வேறு வந்து காதில் ஏறி உட்கார்ந்தாயிற்று, போன வாரத்திலிருந்து நன்றாகவே கேட்கிறது, அப்பா அடுப்படி வாசலில் நின்று முணுமுணுப்பதுகூடக் கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்.

நான் பகலில் பார்த்துக்கொள்ளும் மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் பள்ளிக்கூட வாத்தியாரின் இரட்டைப் பையன்கள், சாப்பிட்டால் தூங்குவார்கள், எழுந்தால் சாப்பிடுவார்கள், ஒரு தொல்லையும் இல்லை. மூன்றாவது குண்டூசி. இரண்டரை வயசு, ஆளும் குண்டூசி கனம்தான், ஆனால் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் யார் காலிலாவது குத்தித் தான் இருப்பதைக் காட்டிவிடும். அப்பன் லிஃப்ட் மெக்கானிக், அம்மாக்காரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள், விடிந்ததும் விடியாததுமாகப் பிள்ளையை என் இடுப்பில் ஏற்றிவிட்டு ஓடுவாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் காது வேர்த்து அரித்தது என்று மெஷினைக் கழற்றினேன். அலமாரி மேலே அதன் டப்பா இருக்கிறது, நாலு எட்டு நடக்க வேண்டும், அந்தச் சோம்பலில் பொம்மைத் தட்டின்மேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். அந்த மெஷினைக் கைக்குள் வைத்து மூடினால் கீச்கீச் என்று கத்தும், உனக்கே தெரியும். குண்டூசி அதைக் குருவிக்குஞ்சு என்று நினைத்துவிட்டது. பசியில் கத்துகிறது என்று தன் பால் கிண்ணத்தில் முக்கிக் குடிக்க வைத்திருக்கிறது. நான் வந்தபோது கிண்ணத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு உதட்டில் விரலை வைத்துக் காட்டியது. குருவி தூங்குகிறதாம், சத்தம் போடக்கூடாதாம். பால் குடித்த பிள்ளை தூங்கும்தானே, அதன் கணக்குப்படி எல்லாம் சரிதான்.

துடைத்தேன், வெயிலில் வைத்தேன், அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன், குருவி எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் திறந்து பார்த்து, உள்ளே எல்லாம் போச்சு, புதுசுதான் வாங்கணும், சொல்லி வரவழைக்க நாளாகும் என்று கையை விரித்தார். அன்றைக்கே குண்டூசியின் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கண்ட இடத்தில் வைத்தது நான்தானே, எந்த முகத்தோடு கேட்பது என்று அப்பாவிடம் ஒரு காரணம் சொன்னேன். உள்ளே இருந்த காரணம் வேறு. காது கேட்காதவளிடம் யார் பிள்ளையை விடுவார்கள், இந்த வேலையும் கையைவிட்டுப் போய்விடுமே என்ற பயம்தான். அப்பா விடவில்லை, அவங்க பிள்ளை உடைச்சா அவங்கதான் கொடுக்கணும் என்று காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி என் மூக்குக்கு நேரே நீட்டுவார். நான் அதைத் திருப்பித் தேதி பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வைப்பேன். ஆனாலும் மனுஷர் டிப்போவில் பஸ் நேரம் குறிக்கிற வேலைக்கு ஒன்பது நாள் லீவு போட்டுவிட்டு எனக்குக் காதாகக் கூடத்தில் உட்கார்ந்தார். இரட்டையர் அழுதால் தோளில் ஒரு தட்டு, குண்டூசி என்றால் இரண்டு தட்டு, வாசலில் ஆள் என்றால் மூன்று. தந்தி ஆபீஸ் தோற்றது போ.

பத்தாம் நாள் லீவு தீர்ந்துவிட்டது. கண்ணாலேயே சமாளித்துவிடலாம் என்று தைரியமாகத்தான் இருந்தேன், மூச்சுக்கு ஒருதரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். சாப்பாடு முடிந்து அடிப்பிடித்த பாத்திரம் ஒன்றைத் தேய்க்க முதுகைத் திருப்பி நின்றேன். அந்த நேரத்தில் குண்டூசி மேஜை டிராயரை இழுத்து விரலை உள்ளே விட்டு மூடிக்கொண்டுவிட்டது. அதே நேரத்தில், வேலை சீக்கிரம் முடிந்ததென்று அதன் அம்மா வாசலில் வந்து நிற்கிறாள். மணி அடித்திருக்கிறாள், கதவைத் தட்டியிருக்கிறாள், உள்ளே பிள்ளை அலறுவது கேட்டு ஜன்னலுக்கு ஓடியிருக்கிறாள். பிள்ளை விரலைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறது, அஞ்சாறு அடி தள்ளி நான் பாட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிறேன். ஜன்னல் கம்பியை அவள் அடித்த அடியில் எதிர்வீட்டுத் தையல்காரர் ஓடிவந்துவிட்டார், எனக்கு மட்டும்தான் எட்டவில்லை. பாத்திரத்தைக் கவிழ்க்கத் திரும்பியபோது ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை என்னால் எழுத முடியாது கண்ணு. ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டுப் பார்த்தேன், விரல் சிவந்திருந்தது, அவ்வளவுதான், எலும்புக்கு ஒன்றுமில்லை, தண்ணீரில் பிடித்ததும் அழுகை நின்றுவிட்டது. அவள் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள், இல்லை பேசினாளோ என்னவோ, அவள் உதட்டைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அன்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். பிள்ளையின் சாமான்களை எடுத்துப்போகத்தான் வருகிறார்கள் என்று இரண்டு கவுன், பால் பாட்டில், போர்வை எல்லாம் பையில் மடித்து வாசலிலேயே வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நின்றபடியே பால் கிண்ணத்தில் தொடங்கி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். அந்தப் பெண் நாற்காலியை என் எதிரே இழுத்துப்போட்டு, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, எனக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "மெஷினைப் பிள்ளை உடைச்சிருக்கு, அதுக்கு நாங்கதாம்மா மன்னிப்புக் கேக்கணும். ஆனா ஒன்பது நாளா உங்களுக்குக் காது கேக்காதுன்னு தெரியாமலே பிள்ளைய விட்டுட்டுப் போயிருக்கேன் பாருங்க, அது எனக்கு ஆறவே மாட்டேங்குது." தப்புதாம்மா என்றேன், காரணம் ஒன்றும் சொல்லவில்லை. புது மெஷின் காதில் ஏறும்வரை யார் பிள்ளையும் இந்த வீட்டில் வேண்டாம், வாத்தியாருக்கும் நாளைக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற மெக்கானிக், பணம் முழுவதும் நாங்கள்தான் தருவோம் என்று ஆரம்பித்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. லிஃப்ட் கதவை மெக்கானிக் திறந்து போட்டுவிட்டுப் போனால் விழுந்தவன்மேலா குற்றம் சொல்வீர்கள், அதன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தவள் நான் என்றேன். அவர் காலண்டர் தாள் ஒன்றை எடுத்து எழுதி நீட்டினார். 'எங்க வேலையில ரெண்டு பேர் கையெழுத்து போடணும்மா. கதவப் பூட்டினவர் ஒண்ணு, பூட்டினாரான்னு பாத்தவர் ஒண்ணு. தப்பு நடந்தா ரெண்டு பேரும்தான் பதில் சொல்லணும். நீங்க பூட்டவேண்டியவங்க, பெத்தவங்க நாங்க பாக்கவேண்டியவங்க. ஆளுக்குப் பாதி.' எனக்கு அது சரியாகப் பட்டது. ஒன்பது நாளாக முழுசும் அவர்கள்தான் கொடுக்கவேண்டும் என்று காலண்டரையே காலி பண்ணின உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, தாளைப் படித்துவிட்டு, பாதி எதுக்கு, கால்வாசி போதுமே என்கிறார். நான் உட்கார்ந்தபடியே, பக்கத்தில் நின்ற அவர் காலை ஒரு மிதி மிதித்தேன்.

மறுநாளே கடையில் பணம் கட்டிச் சொல்லிவைத்தோம், மெஷின் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அதுவரை அந்தப் பெண் பாதி நாள் லீவும் அவள் புருஷன் பாதி நாள் லீவுமாகப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாளுக்கும் சம்பளம் தருகிறேன் என்றாள், நான் வாங்கவில்லை, வேலை செய்யாததற்கு எதற்குக் கூலி. வாத்தியார் விஷயம் தெரிந்ததும் கோடு போட்ட தாளில் ஓரம் விட்டு, எது உடைந்தால் யார் கொடுப்பது என்று பதினோரு விதி எழுதிக்கொண்டு வந்தார், கோப்பை ஒரு விதி, கண்ணாடி ஒரு விதி, திரைச்சீலை ஒரு விதி. மரியாதைக்கு எல்லாவற்றையும் படித்துவிட்டு, எது நடந்தாலும் அன்றைக்கே சொல்லவேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துக் கொடுத்தேன். மனுஷருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அழகாக எழுதியிருந்தார்.

குண்டூசி திரும்பி வந்த அன்று என் காதையே பார்த்தது, பார்த்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது. வீட்டில் மிரட்டி அனுப்பியிருக்கிறார்கள். எனக்குத் தாங்கவில்லை. மெஷினைக் கழற்றி அதன் உள்ளங்கையில் வைத்து மூடிக் கத்தவிட்டுக் காட்டி, இது குருவி இல்லடா, பெரிம்மாவோட காது, காது பால் குடிக்காது என்றேன். நீ குடிப்பியா என்று கேட்டது. நான் டீ குடிப்பேன் என்றேன். இப்போது மதியம் ஆனால் அதுவே என் சேலையைப் பிடித்து அலமாரிவரை இழுத்துப்போய் டப்பாவில் வைக்கச் சொல்லி அதிகாரம் பண்ணுகிறது.

நீ பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. என் பாதியைப் புதுக் கட்டிலுக்கு எடுத்து வைத்ததிலிருந்து கொடுத்தாயிற்று. பழைய கட்டில் கிறீச்சிடுகிறது என்றால் அப்பாவுக்குத்தான் கேட்கும், நான் மெஷினைக் கழற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறேன்.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்றால், அடுத்த மாதம் நீ வேலைக்குத் திரும்பும்போது பாப்பாவை ஒரு அம்மாவிடம் விடப்போகிறாய் என்று அப்பா சொன்னார். பாப்பா அந்த வீட்டில் எதையாவது உடைக்கும், உடைக்காத பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அந்த அம்மா பரவாயில்லை என்று சிரிப்பாள். சிரிப்பை நம்பி வாசலோடு திரும்பிவிடாதே, உள்ளே போய் உட்கார்ந்து என்ன ஆச்சு என்று கேள். அவள் உன்னிடம் கேட்கத் தயங்குவாள், உன் பிள்ளை அவள் கையில்தான் இருக்கிறது என்றாலும் தயங்குவாள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் போகவே போகாது, நீ எவ்வளவு நல்லவளாக இருந்தாலும்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே பேசிக்கொண்டு, நன்றாக இருங்கள். பாப்பாவின் காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்ப மறக்காதே, காலுறை பின்னக் கம்பளி நூல் வாங்கி வைத்திருக்கிறேன். கோடு போடும்போது கூச்சத்தில் காலை இழுக்கும், இழுத்தால் கோடு கோணலாகத்தான் வரும், வரட்டும், அழித்துத் திருத்தாமல் அப்படியே அனுப்பு, அந்த இழுப்பையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆசையோடு,
உன் அம்மா