கதவுக்குப் பின்னால் ஏர்கன்

டிச. 15, திங்கள்
விடாத தூறல். துணி காயவில்லை. கிறிஸ்துமஸுக்கு வளர்த்த வான்கோழி இரண்டில் ஒன்று போச்சு. கூண்டோரம் இறகு மட்டும். நாய் என்று நான். குள்ளநரி என்று வீட்டுக்காரர். பால் போடும் முருகன் அவர் கட்சி: "நரிதாம்மா. மதிலு மேல குந்திக்கினு கீது. கல்லெடுத்தாலும் ஓட மாட்டேங்குது." கல்லுக்கும் பயப்படாத நரி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் முழுக்கத் தோப்பு, ஆறு வரைக்கும்.
சாயங்காலம் பூரா அவர் போனில் ஏர்கன் துப்பாக்கி வீடியோ.
வாங்க: வெங்காயம், கேக்குக்கு முந்திரி, கூண்டுக்குப் பூட்டு.

டிச. 16, செவ்வாய்
மார்கழி பிறந்தாச்சு. பக்கத்து வீட்டு அலமேலு மாமி இருட்டு விலகுமுன்னே நம் கொல்லையில். பவழமல்லி மட்டும் தரையில் விழுந்ததைப் பொறுக்கிச் சாமிக்குப் போடலாமாம். வருஷா வருஷம் வருகிறார். மரம் கூண்டை ஒட்டி. குனிந்திருந்தால் ஆள் என்றே தெரியவில்லை.
வீட்டுக்காரரிடம் சொன்னேன். துப்பாக்கி வேண்டாம், உங்களுக்குக் கண்புரை, போன வாரம் கேஸை அணைக்க மறந்தீர்கள் என்று. கேஸ் பேச்சை எடுத்ததும் முகம் கறுத்துவிட்டது. சாப்பிடவில்லை.

டிச. 17, புதன்
மவுண்ட் ரோடு துப்பாக்கிக் கடை. என்னையும் இழுத்துக்கொண்டு. வெளிநாட்டுத் துப்பாக்கி கண்ணாடிக்குள், பார்த்துப் பெருமூச்சு. மரக்கட்டை வைத்தது கனம், தோள் தாங்காது. தொலைநோக்கி வைத்தது பட்ஜெட்டில் வராது. கண் தெரியாத மனுஷருக்கு அதுதானே வேண்டும்! கடைசியில் இருப்பதிலேயே மலிவானது: பிளாஸ்டிக் கட்டை, குழலை மடக்கினால் ஸ்பிரிங் ஏறும், ஒரே ஒரு குண்டு. லைசென்ஸ் வேண்டாம், ஆதார் நகல் போதும். கடைக்காரர், "நரியச் சுட்டா ஃபாரஸ்ட்காரன் உள்ள வச்சிருவான் சார்" என்றார். சும்மா விரட்டத்தான் என்றார் இவர்.

டிச. 18, வியாழன்
ஸ்பிரிங் ஏற்றி, குண்டு போட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறார். கேட்டால் முறைப்பு.
மாமியிடம் கொஞ்ச நாள் வராதீர்கள் என்றேன். சிரித்துவிட்டார். "மார்கழி முழுக்க எங்காத்துப் பெருமாளுக்கு உங்காத்துப் பூதான். நரி என்னைத் தின்னா அதுக்குத்தான் அஜீரணம்."
இவர் கேட் பூட்டப் போன நேரம், துப்பாக்கியை எடுத்துப் பூந்தொட்டி மண்ணில் அழுத்தி விசையை இழுத்தேன். தெருவில் கேரல் பாட்டு, சத்தம் கேட்டிருக்காது. முகமெல்லாம் மண்.

டிச. 19, வெள்ளி
காலையில் மதிலைக் குறி பார்த்து இழுத்தார். ஒன்றுமில்லை. "நேத்து போட்டேனே?" என்னைப் பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.
சாயங்காலம் மறுபடி போட்டார். காலண்டர் தாளில் 'போட்டாச்சு' என்று எழுதிக் கையெழுத்து வேறு. பாவமாக இருந்தது. ஆனாலும் மறுபடி பூந்தொட்டி. ஒரு மனுஷி உயிர். நான் செய்வது சரிதான்.

டிச. 20, சனி
எழுத வரவில்லை. விடியும்போது மாமியின் அலறல். நரிதான். எலும்பும் தோலும், வாயெல்லாம் நுரை, குனிந்தவர் மேல் பாய்ந்து கன்னத்தைப் பிடித்திருந்தது. இவர் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போனார். பக்கத்தில் நின்று, மாமி மேல் படாமல், நரியின் விலாவுக்கு நேராக, நிதானமாகக் குறி. நானே பார்த்தேன். இழுத்தார். திரும்பவும் இழுத்தார். கடைசியில் கட்டையால் அடித்த பிறகுதான் விட்டது. அதற்குள் மாமியின் கையிலும் கடி.
அந்தக் குண்டு நரியைக் கொன்றிருக்காது. வலியில் முன்னமே விட்டு ஓடியிருக்கும்.
வெறிபிடித்த நரி, முகத்தில் கடி என்பதால் டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. காயத்தைச் சுற்றியே ஊசி போட்டார்கள். மாமியின் பிள்ளையைப் பார்த்து இவர் கும்பிட்டார். "குண்டு போட மறந்துட்டேன்பா. என் தப்புதான்."
நான் பக்கத்தில்தான் நின்றேன்.

டிச. 21, ஞாயிறு
நல்ல வெயில். சர்ச்சுக்குப் பூசைக்குப் போகவில்லை. மாமிக்குக் காய்ச்சல் என்று போன். பவழமல்லி பொறுக்க ஆளில்லாமல் கிடக்கிறது.
இவர் வீட்டுச் சாவி, ஏ.டி.எம். கார்டு எல்லாவற்றையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "இனிமே கேஸ் பக்கம் போகமாட்டேன் ரீட்டா. குண்டு போட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எழுதினதும் இருக்கு. ஆனா துப்பாக்கியில குண்டு இல்ல. அப்போ எனக்குப் புத்திதானே போகுது?"
சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.