சுவரில் ஓர் எண்ணெய்க் கறை

சாலைக் கடைத்தெரு, திருவனந்தபுரம்
1938, தை

என் வீட்டு மகாராணிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உன் பழைய சேலையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நான் வீடு கழுவியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

மகளைக் காய்ச்சல் கொண்டுபோன வீட்டுக்கு இனி வரமாட்டேன் என்று நாகர்கோவிலில் இருந்துவிட்டாய். வீடு சுத்தமாக இருந்தால் வருவாயோ என்று எனக்கு ஒரு நப்பாசை. விளக்கையும் வெண்கல உருளியையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினேன். தரையைச் சாணத்தால் மெழுகினேன். எருமை புரண்ட இடம் மாதிரி இருக்கிறது.

நம் மகள் எண்ணெய்த் தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சுவரில் விழுந்த கறைதான் பாக்கி. அதற்காக அவளை எத்தனை நாள் திட்டியிருப்பாய்! உன் கூட்டுக்காரி, பக்கத்து வீட்டு முத்தாரம்மாள் சீயக்காய்த்தூளோடு வந்தாள்.

"அண்ணாச்சி, இதப் போட்டுத் தேய்ச்சா ஒரு நிமிசத்துல போயிரும்."

"அதுல மட்டும் கைய வச்சிராதம்மா" என்றேன். அவள் தூளை வைத்துவிட்டுப் போனாள். தேய்ப்பதா வேண்டாமா என்று நீ வந்து சொல்.

நேற்று தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அந்தச் சுவரோரம் உட்கார்ந்தேன். கண் அசந்துவிட்டது. இப்போது மகளின் கறைக்கு ஒரு முழம் மேலே என் கறையும் இருக்கிறது.

திட்டு வாங்கக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்