சீசாவுக்கு மட்டும் காசு

ஜூன் 9, வியாழன்

நான் இலவச மருந்தகம் திறந்து ஒரு வாரம். ஒரு நோயாளியும் வரவில்லை. மேல்காற்று, ஒரே புழுதி. ஆடு ஒன்று வந்து வாசல் தோரணத்தைத் தின்றுவிட்டுப் போனது. ஆட்டுத்தோல் மண்டிக்காரன் என் இடம் என்று அதற்குத் தெரியாது போல.

டாக்டர் சூசை பகலெல்லாம் பேப்பர் படிக்கிறார். "வைத்தியம் பார்க்க வந்தேன் பாய். இப்படியே போனா திங்கக்கிழமை மதுரைக்குக் கிளம்பிருவேன்."

அவர் போனால் பூட்டுத்தான். ரமலானில் மண்டிக்காரர்களிடம் ஏழைகளுக்கான ஜகாத் வசூலித்து வாங்கிய மருந்து அலமாரி நிறைய. அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது. தெருமுனைக் கம்பவுண்டரிடமோ கூட்டம். காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது கலர்த்தண்ணீர்.

ஜூன் 10, வெள்ளி

காலையில் ஒருத்தி வந்தாள். சாணார்பட்டி பொன்னுத்தாயி, தக்காளி விற்பவள். இடுப்பில் இருமும் பெண்பிள்ளை. டாக்டர் மருந்து கலக்கிச் சீசாவில் கொடுத்தார்.

"எம்புட்டு?"

"சும்மாதாம்மா."

சீசாவை மேசையில் வைத்துவிட்டாள். "கெட்டுப்போன மருந்தைத்தேன் சும்மா குடுப்பாக. எம்புள்ளைக்கு வேணாம்."

நேரே கம்பவுண்டரிடம் போனாள். தெருமுனை வரை அந்த இருமல் கேட்டது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். சும்மா வரும் தோலில் எங்கே ஓட்டை என்றுதான் நானும் தேடுவேன்.

ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன், விலை வைக்கலாமா என்று.

"ஜகாத் மருந்து ஏழைக்குச் சொந்தம், ராவுத்தரே. அவன் பொருளை அவனுக்கே விப்பீரா?"

"சீசா என் சொந்தக் காசு, ஹஜ்ரத்."

தாடியைத் தடவினார். "சீசா வியாபாரம் உம்ம பாடு."

வீட்டில் மனைவி: "மார்க்கத்துலயும் பேரமா?" இரவு மீன் குழம்பு. உப்புக் கூடுதல். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 13, திங்கள்

டாக்டர் மதுரைக்குக் கிளம்பப் பெட்டியோடு வந்தார். வாசலில் பொன்னுத்தாயி. கம்பவுண்டர் மருந்துக்குக் கேட்கவில்லை, பிள்ளைக்கு இருமல் கூடியிருக்கிறது.

"இன்னைக்காச்சும் விலை சொல்லுவீகளா?"

"சீசா ரெண்டணா."

"பகல்கொள்ளையால்ல இருக்கு." இப்போதுதான் அவள் முகத்தில் நம்பிக்கை. "அரையணா."

"ஒண்ணரை."

டாக்டர் குறுக்கே வந்தார். "பாவம் பாய், சும்மாவே..." அவர் காலை மிதித்தேன்.

அவள் படியிறங்கினாள். பிள்ளை இருமியது. திரும்பி வந்தாள். பேரத்தை வேடிக்கை பார்க்க நின்றவர்களில் ஒரு கிழவர் டாக்டரிடம் நாக்கை நீட்டிக் காட்டினார். அவர் பின்னால் வரிசை. டாக்டர் பெட்டியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

பேசி முடித்தபடி: சீசா ஓரணா. கழுவித் திருப்பினால் ஓரணாவும் வாபஸ். டாக்டர் அடுத்த ரமலான் வரை இருப்பார். நான் விலை பேசும்போது வாய் திறக்கக் கூடாது.