எந்தத் தண்ணி?

அக்கா,

இன்று காலை உன் கையெழுத்தைப் பார்த்தேன். எங்கள் மனநலக் கிளினிக்கில் பழைய தாள்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ஏற்றுகிற பெண் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "மேடம், இது என்னா? உப்புத் தண்ணின்னு எழுதியிருக்குது. என்ன குடிக்கிறாருங்கற லிஸ்ட்ல பீரு, பிராந்தி, கள்ளு மட்டுந்தான் இருக்குது. நான் 'மற்றவை'ன்னு போட்டுட்டேன்."

நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, அதன் மேல் கோணல் கோணலாக நீ எழுதிய இரண்டு சொற்கள். உன் ஈர விரல் பட்ட இடத்தில் மை கலைந்து கிடக்கிறது.

நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது 'நீ' என்று வருகிறது. கோபத்தில் இருக்கிறேன், பொறுத்துக்கொள்.

உன் வீட்டுக்காரரை நீ அழைத்து வந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? உப்பள வரப்பில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருக்கிறார், வேலை இல்லை, சோறு இல்லை, தூக்கம் இல்லை என்று வாசலிலேயே சொல்லத் தொடங்கினாய். 'கூட வந்தவர்கள் வெளியே காத்திருக்கவும்' என்ற பலகையைக் காட்டி உன்னை பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் ஆலோசகராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. மரக்காணத்து உப்பளத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

உள்ளே அவரிடம் கேட்டேன்.

"தண்ணி உண்டா?"

"இருக்குதும்மா."

"தினமுமா?"

"காலைல ஒரு வாட்டி, சாயந்தரம் ஒரு வாட்டி."

"எத்தனை வருஷமா?"

"பதினாலு வயசுலேர்ந்து."

"நிறுத்திப் பாக்கலையா?"

"நிறுத்துனா எப்பிடிம்மா சாப்புடறது?"

மது, தினமும் இருவேளை, நிறுத்தினால் உணவு இறங்குவதில்லை என்று அழகாக எழுதினேன். ஒரு கட்டம் விடாமல் நிரப்பியதில் எனக்குத் திருப்தி வேறு. டாக்டர் என் தாளைப் பார்த்தார், உன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. குடிக்காத மனிதருக்கு ஒரு மாதம் குடிக்கு மருந்து கொடுத்தோம். அவரும் எதற்கென்று கேட்காமல் விழுங்கினார்.

அடுத்த மாதம் நீ பலகையைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே வந்தாய். வெடித்த பாதங்களில் உப்புப் பூத்திருந்தது, வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாய்.

"எந்தத் தண்ணிம்மா? அந்த மனுசன் சாவு வூட்டுலகூட ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல. உப்புப் பாத்திக்குத் தண்ணி கட்டற வேலையச் சொல்லியிருக்குது. நீ சாராயம்னு எழுதிக்கினியா?"

தாளைப் பிடுங்கி என் பேனாவாலேயே அடித்துத் திருத்தினாய். பிறகு கேட்டாய்: "எழுதறத எங்களுக்கு எதிர்க்கப் படிச்சுக் காட்டுனா உன் கை தேஞ்சிடுமா?"

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த அறைக்கு நாற்காலிகள் கூடின. நான் ஒவ்வொரு வரியாக எழுதிப் படிப்பேன். அவர் தலையாட்டுவார், இல்லாவிட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். "மனநிலை எப்படி இருக்கு, பத்துக்கு எவ்வளவு?" என்று டாக்டர் கேட்டபோது, "பத்தும் தெரியாது, இருவதும் தெரியாது சார். காலைல எழுந்து போயி தண்ணி கட்டுச்சுன்னா நல்லாருக்குதுன்னு அர்த்தம்" என்றாய். அதையே அளவாக வைத்துக்கொண்டோம். தாளில் தண்ணி என்று ஒரு வரி. முதலில் 'இல்லை'. மாத்திரையை மாற்றிய பிறகு 'காலை மட்டும்'. ஒரு வருடம் கழித்து 'இருவேளை' என்று எழுதிப் படித்த அன்று அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். நீ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாய்.

பிறகு பல வருடம் 'இருவேளை'தான். மாசியில் மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்ச் சேரும்வரை.

இந்தக் கதையின் கேவலமான பகுதி இன்று மதியம் நடந்தது. குழு ஆய்வுக் கூட்டமாம். 'கைகோத்துக் குணமாக்குவோம்' என்று பேனர். நம் பழைய டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்த இரண்டு டாக்டர், மேனேஜர், மருந்தாளுநர், நான், படம் எடுக்க ஒருவர். கைகோக்க வேண்டிய உன் வீட்டுக்காரர் மட்டும் வெளியே பெஞ்சில், உன் பழைய இடத்தில், தனியாக. மேஜையில் அவருடைய பழைய தாள்கள், பக்கத்தில் மிக்சர். மேனேஜர் எண்ணெய் விரலை உன் கையெழுத்து இருந்த தாளிலேயே துடைத்தார். தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

திரையில் அவர் பெயர், அதன் கீழே மது என்ற கட்டம். பல ஆண்டுகளாக, தினமும், இருவேளை. நாம் சேர்ந்து எழுதிய அத்தனை நல்ல மாதங்களும் குடியாக மாறி வரிசையாக நின்றன. புது டாக்டர்களில் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். "மனைவி இறந்துட்டாங்க, குடி அதிகமாயிருக்கும். குடி வார்டுக்கு அனுப்பிடலாம்." எல்லாரும் தலையாட்டினார்கள். சீ, எவ்வளவு சுலபமாக ஆட்டுகிறார்கள்!

"அவரு வெளியதான் இருக்காரு. கூப்பிட்டுக் கேக்கலாமே," என்றேன்.

"முடிவு பண்ணிட்டுச் சொல்லிக்கலாம் மேடம். கேட்டா ஒத்துக்கவா போறாரு?"

என் நாற்காலியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவரை அழைத்து வந்து, அதில் உட்கார வைத்து, பக்கத்தில் நின்றேன். நீ போனதிலிருந்து மாத்திரை வாங்க வருவார், வாங்கிக்கொண்டு போவார். ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டு நச்சரிக்கவில்லை. துக்கம்தானே என்று விட்டுவிட்டேன், அந்தக் குற்றம் என்னுடையது.

அதே டாக்டர் கேட்டார்: "தண்ணி இன்னும் நிக்கலையா?"

அவருக்காக நானே பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"எந்தத் தண்ணி சார்?"

உன் கேள்வி, அக்கா. உன் குரல் மாதிரியே இருந்தது.

"பாத்தித் தண்ணின்னா, அவ போனதுலேர்ந்து கட்டல சார். காஞ்சி கெடக்குது. எழுந்துக்க முடியல."

குடி வார்டுப் பேச்சு அதோடு நின்றது. ஒரு புதுத் தாளை எடுத்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். தண்ணி: இல்லை. அவர்கள் லிஸ்டில் அது நல்ல சேதி. நம் கணக்கில் அதைவிட மோசமான வரி கிடையாது. எழுதி முடித்து, எல்லாரும் கேட்க, அவருக்கு எதிர்க்கப் படித்துக் காட்டினேன். அவர் தலையாட்டினார்.

கை தேயவில்லை, அக்கா.