அப்பா விமானம் ஏறிப் பார்த்த விவரம்

இயேசு மரி சூசை துணை

சுங்கை பட்டாணி,
20-2-1983

அன்பு மகள் செலஸ்டினுக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, தங்கச்சி ஜேன், அம்மா வளர்க்கிற கோழிகள் வரைக்கும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். உன் கடிதம் போன மாதமே வந்து சேர்ந்துவிட்டது. பதில் போட ஏன் இத்தனை நாள், அப்பாவுக்கும் கோபம் வந்துவிட்டதோ என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லையம்மா. ஒரு வேலை இருந்தது, அதை முடிக்காமல் உனக்கு எழுத எனக்கு வாய் இல்லை, அதுதான்.

முதலில் கல்யாண விஷயம். ஈஸ்டர் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை என்று சாமியார் நாள் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை கிளாரன்ஸ் தங்கமான பையன், பாடாங் மேஹா தோட்டத்தில் கிராணி வேலை, ஆபீஸ் கணக்கு எழுதுகிறான், கொஞ்சம் மெதுவாகப் பேசுவான், நம் வீட்டில் எல்லாரும் சத்தம் போடுகிறவர்கள் என்பதால் பேச ஆரம்பித்து பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறான். அம்மாவுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் சாப்பாட்டு விஷயத்தில் இழுபறி, அவர்கள் கோழி என்கிறார்கள், அம்மா ஆடு இல்லாமல் ஒரு கல்யாணமா என்கிறாள். அது எப்படியும் முடிந்துவிடும். முடியாமல் கிடப்பது ஒன்றுதான், ஜேன் இன்னும் தோழிப்பெண் யார் என்று சொல்லவில்லை. கேட்டால், அக்கா வருவா, அக்கா வரலைன்னா எனக்குத் தோழியே வேணாம்லா, நா தனியாவே பீடத்துக்குப் போறேன் என்கிறாள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். தம்பி பெர்னார்ட் கல்யாணத்துக்கு நீ வராமல் போனதிலிருந்து என் கடிதத்தின் கடைசியில் அவள் எழுதுகிற இரண்டு வரியையும் நிறுத்திவிட்டாள், அது உனக்கே தெரியும். மருத்துவமனையில் லீவு தரவில்லை என்று நீ அப்போது சொன்னதை அவள் நம்பவில்லை, வெள்ளைக்காரியா ஆயிட்டா, பெத்தவள மறந்துட்டா என்று கல்யாண வீட்டில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் போன மாதம் உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. நல்லவேளை நான் மட்டும் படித்தேன். லீவு இல்லாமல் இல்லை, பயம்தான் காரணம் என்று எழுதியிருந்தாய். முதல்முதலில் நீ இங்கிருந்து போனபோது நடுக்கடலுக்கு மேலே விமானம் தடாலென்று இறங்கி, சாப்பாட்டுத் தட்டெல்லாம் பறந்து, பக்கத்தில் இருந்த பெரிய மனுஷன் பிள்ளை மாதிரி அழுததை இத்தனை வருஷமாக நீ யாரிடமும் சொல்லவில்லையே செலஸ்டின். இப்போது ஜேன் கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டாய், ஆனால் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, ஆகாயத்தில் விமானச் சத்தம் கேட்டாலே கை வியர்க்கிறது, நோயாளிக்கு ஊசி போடுகிற கை இப்படி வியர்த்தால் எப்படி, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். கடைசியில் நீங்க ஓட்டுனா கண்ண மூடிக்கிட்டு ஏறிடுவேன்பா என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து முதலில் சிரித்துவிட்டேன். பிறகு அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்கும் இறங்கவில்லை.

பயப்படாதே என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் விமானத்தில் ஏறாதவன் அப்படி எழுதினால் அது வெறும் வாய்ப்பேச்சு. வாழ்நாளெல்லாம் தஞ்சோங் டாவாய் பஸ்ஸை ஓட்டினவன் நான், மழையிலும் ஓட்டியிருக்கிறேன், மெர்போக் ஆறு ரோட்டுக்கு ஏறி வந்த நாளிலும் ஓட்டியிருக்கிறேன், ஆனால் இன்னொருத்தன் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்து வந்தால் உன் அப்பனுக்கு ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாது. பெர்னார்ட் கார் ஓட்டும்போது நான் பின் சீட்டில் பண்ணுகிற அட்டகாசம் உனக்குத் தெரியாதா. அதனால் சரி, நாமே ஒருதரம் ஏறிப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று முடிவு பண்ணினேன். துணிக்கடை சீனிவாசகம் அண்ணன்தான் டிக்கெட்டுக்கு வழி சொன்னார், அவர் ஜவுளி வாங்க மெட்ராஸுக்கு அடிக்கடி பறக்கிறவர். பயமா இருக்காதாண்ணே என்று கேட்டேன். என்ன பயம், ஏறுனதும் தூங்கிருவேன், மெட்ராஸ் வந்தா எழுப்பி விடுவாங்க என்றார். அம்மாவிடம் மட்டும், கோலாலம்பூரில் பழைய சிநேகிதரைப் பார்க்க பஸ்ஸில் போகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தேன். போவதற்கு முந்தைய இரவுகளில் எனக்கு ஒரே கனவு. பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போகிறேன், கீழே ரோடு இல்லை, டயர் சுற்றுகிறது, சத்தம் இல்லை, இன்ஜின் மூடிமேல் நீ சின்னப் பிள்ளையாக உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறாய், உன்னை எழுப்பாமல் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நான் ஓட்டிக்கொண்டே இருக்கிறேன்.

அலோர் ஸ்டாரில் விமானம் ஏறினேன். உள்ளே போனதும் ஜெபமாலையை எடுத்துவிட்டேன். ஜன்னல் ஓர இடம். அது ரோட்டில் ஓடும்வரைக்கும் ஒன்றும் இல்லையம்மா, நம்ம பஸ் மாதிரிதான். பிறகு முன்பக்கம் தூக்கியது பார், என் குடல் அலோர் ஸ்டாரிலேயே நின்றுவிட்டது. கண்ணை இறுக மூடி அருள் நிறைந்த மரியே சொல்கிறேன், பாதிக்குமேல் வார்த்தை வரவில்லை. அந்தப் பணிப்பெண் சின்னப் பிள்ளை, என்னைப் பார்த்து மிட்டாய் நீட்டினாள். நான் அவளிடம், மிட்டாய் வேண்டாம்மா, டிரைவரை ஒருதரம் பார்த்து சலாம் சொல்லிவிட்டு வருகிறேன், நானும் டிரைவர்தான் என்றேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்க் கேட்டுவந்து, நிஜமாகவே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்தால் தைரியம் வரும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அவன் ஸ்டீரிங்கையே பிடிக்கவில்லை செலஸ்டின்! சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான், அது தன்பாட்டுக்கு ஆடுகிறது. ஐயோ மாதாவே என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவன் மலாய்க்காரப் பையன், பெர்னார்ட் வயசுதான் இருக்கும். பாக்சிக், ஜாங்கான் தாக்குட்லா என்றான், பெரியவரே, பயப்பட வேண்டாம் என்கிறான். பிறகு கோப்பையை வைத்துவிட்டு வலது பக்கம் கையைக் காட்டினான். ஜெராய் மலை தெரிந்தது, நாம் அண்ணாந்து பார்க்கிற மலை, எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த மலைக்கு அந்தப் பக்கம், கடலோரம், யான் ஊர், அங்கேதான் அவன் அம்மா இருக்கிறாளாம். இந்த இடம் வரும்போதெல்லாம் வீட்டுக் கூரை தெரிகிறதா என்று தேடுவானாம், ஒருநாளும் தெரிந்தது இல்லையாம், ஆனாலும் தேடாமல் போனது இல்லையாம். அவன் தோளைத் தட்டிவிட்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று சொல்ல எனக்குச் சரியாக வார்த்தை வரவில்லை. கீழே அறுவடை முடிந்த வயல், அப்புறம் கடல், அப்புறம் மெர்போக் ஆற்று வாய், தஞ்சோங் டாவாய் படகெல்லாம் புள்ளி புள்ளியாக. அங்கிருந்து சுங்கை பட்டாணிக்கு வருகிற ரோட்டை நான் கண்டுபிடித்துவிட்டேன். தினம் போய்த் தினம் வந்த ரோடு, சட்டைப் பொத்தான் தைக்கிற நூலளவுகூட இல்லை. பிறகு மேகம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. வெள்ளை, எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை, சத்தம்கூட அதற்குள் மெதுவாகிவிட்டது. எனக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியவில்லை. நம்ம பஸ்ஸில் மாதிரி யாரோ மணியை இழுப்பார்கள், விமானம் அந்த மேகத்தில் நிற்கும், மீன் கூடையோடு ஒரு மலாய்க்கார மாக்சிக் இறங்கி மெதுவாக நடந்து போவாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றிய நேரத்தில் எனக்குப் பயம் இல்லை. நீயும் அந்த மேகத்தைப் பார்த்திருப்பாயா, அல்லது அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டே போய்விட்டாயா என்று நினைத்துக்கொண்டேன்.

இதோடு நிறுத்தினால் அப்பா பெரிய வீரன் என்று நீ நினைத்துவிடுவாய். கோலாலம்பூரில் இறங்கும்போது நான் வலது காலால் தரையை மிதித்த மிதியில் பக்கத்துச் சீட்டுச் சீனர் எழுந்துவிட்டார், இல்லாத பிரேக்கை அப்படி அழுத்தியிருக்கிறேன். மறுநாள் திரும்புவதற்கும் டிக்கெட் கையில் இருந்தது, சுபாங் விமான நிலையம் வரைக்கும் போனேன், விமானத்தைக் கண்ணாடி வழியே பார்த்தேன், கால் வரவில்லை. சத்தியமாக வரவில்லையம்மா. டாக்சி பிடித்து பஸ் ஸ்டேஷனுக்குப் போய் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. என் பிள்ளைக்குப் பயம் வந்தால் அவள் ஏற பஸ் ஏது, லண்டனுக்கும் சுங்கை பட்டாணிக்கும் பஸ்ஸா ஓடுகிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவன் தூங்கினதால் தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எழுத உட்கார்ந்து எழுந்து போனேன். அதற்குள் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். விமானத்தில் சீட்டுக்கு முன்னால் ஒரு நல்ல காகிதப் பை சொருகி வைத்திருந்தார்கள், கெட்டியாக இருக்கிறதே, அம்மா காய்ந்த மிளகாய் போட்டு வைப்பாள் என்று மடித்து எடுத்து வந்தேன். அதில் விமானப் படம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அது வாந்தி எடுக்கிற பை என்று ஜேன் சொல்லித்தான் எனக்கே தெரியும். பஸ்ஸில் போனவருக்கு இது எங்கிருந்து வந்துச்சு என்று அம்மா பிடித்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன் பயத்தையும் சேர்த்து. உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பயமா, லீவு இல்லன்னுல்ல சொன்னா, பயம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா ஏன் எம்புள்ளய அப்படித் திட்டப் போறேன் என்று கேட்டு, அவள் அழுத அழுகைக்கு ஜேனும் அழுதாள். மறுநாள் பூசைக்குப் போய்விட்டு வந்து என்னிடம், எம்புள்ளய இத்தன வருஷம் வர விடாமப் பண்ணுன அந்தச் சனியன நானும் ஒருதரம் ஏறிப் பாக்குறேன், டிக்கெட் எடுங்க என்றாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று இருந்தேன். அவளே சீனிவாசகம் அண்ணன் கடைக்குப் போய் நின்றுவிட்டாள்.

ஆகையால் விஷயம் இதுதான். நீ சுபாங்கில் இறங்குகிற அன்று காலையில் நானும் அம்மாவும் அலோர் ஸ்டாரிலிருந்து விமானத்தில் வந்து அங்கே நிற்போம். அங்கிருந்து ஊருக்கு மூன்று பேரும் ஒரே வரிசையில் வருகிறோம், ஜன்னல் ஓரம் தனக்குத்தான் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள், நடுவில் நீ, இந்தப் பக்கம் நான். நீ இல்லாமல் சுபாங்கிலிருந்து திரும்பும் விமானத்தில் ஏற எனக்குத் தைரியம் கிடையாது, இதை உன்னை வரவழைக்கச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். லண்டனில் ஏறும்போது வெறும் வயிற்றோடு ஏறாதே, காப்பி குடிக்காதே, பணிப்பெண்ணிடம் எனக்குப் பயம் என்று வாய்விட்டுச் சொல், நர்ஸுக்குப் பயமா என்று யாரும் சிரிக்க மாட்டார்கள். அதற்கு மேலும் விமான நிலையம் வரைக்கும் போய்க் கால் வரவில்லை என்றால் திரும்பி அறைக்குப் போய்ப் படுத்துத் தூங்கு. திரும்பிப் போனவன் மகள் நீ, உன்னை நான் ஒன்றும் சொல்ல முடியாது. சீனிவாசகம் அண்ணன் கடைக்கு மட்டும் ஒரு போன் போட்டுவிடு. போன் வந்தாலும் தான் சுபாங் போவேன் என்கிறாள் அம்மா. அவள்தான் வரவில்லையே, எதற்கு என்று கேட்டேன். போன் வச்சப்புறம் மனசு மாறி ஏறிட்டான்னா, எம்புள்ள வந்து எறங்கும்போது அங்க யாருங்க நிப்பா என்று கேட்டாள்.

தவக்காலம் ஆரம்பித்துவிட்டது, உனக்காக வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப் பாதை செய்கிறோம். மாதா உன் கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும், உன் காவல் தூதனான சம்மனசு உன் பக்கத்தில் இருக்கட்டும். ஜேனுக்கு உன் ரவிக்கை அளவு உடனே வேண்டுமாம், தோழிப்பெண் சேலைக்கு, மறக்காமல் எழுது.

உன் அன்புள்ள அப்பா,
ச. லியோனார்ட்

பாப்பா, பயமா இருந்தா பயந்துகிட்டே வா. அழுக வந்தா அழுதுகிட்டே வா. நா நிக்கிறேன்.
அம்மா