சத்தமாகச் செய்த ஜெபம்

அக்கா,

இன்று காலை தாம்பரத்தில் ரயில் ஏறியதும் யாரோ யூகலிப்டஸ் தைலத்தைத் திறந்தார்கள். லேடீஸ் பெட்டி முழுக்க அந்த வாசனை. தலைவலி என்றால் கைக்குட்டையில் நாலு சொட்டு விட்டு மூக்கில் வைத்துக்கொள்வீர்களே, அதே வாசனை. கழுத்தை நீட்டித் தேடினேன். சளி பிடித்த கல்லூரிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் என்ன செய்வாள், பாவம்.

நீங்கள் ஊரப்பாக்கத்தில் ஏறி, பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்து, தாம்பரம் வரை எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டு வருவீர்கள். கிண்டியில் இறங்கி ஒரே ஆபீசுக்குப் போவோம். பன்னிரண்டு வருடம் அப்படி. "ஆள் வருது" என்பீர்கள். வண்டலூரிலிருந்தே ஆள் வந்துகொண்டிருக்கும்.

சபையில் நீங்கள் வேறு மாதிரி. பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யார் மகளுக்கு வரன் தட்டிப்போனாலும் முதல் போன் உங்களுக்குத்தான். உங்கள் தம்பி மருத்துவமனையில் கிடந்தபோது நாற்பது நாள் உபவாசம் என்று ஆரம்பித்தீர்கள். அது முடியும் முன்பே அவரை அடக்கம் செய்தோம். மறு வாரமே ஐக்கியத்துக்கு வந்து எங்கள் எல்லோருக்காகவும் ஜெபித்தீர்கள். என்ன விசுவாசம் என்று வாயைப் பிளந்தோம்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள், ரயிலில், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னீர்கள்.

"எனக்கு ஜெபம் வரலடி. முழங்கால் போடுறேன், ஒரு வார்த்தை வரல. கூட்டத்துல பண்றதெல்லாம் பழக்கத்துல வாய் பேசுது."

யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னீர்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டவரிடம் சொன்னேன். அதுதான் வினையாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை சேலையூரில் ஒரு வீட்டில் கூட்டம். ஒவ்வொருவராக ஜெபித்து என் முறை வந்தது. ஜெபிக்க முடியாமல் தவிக்கிற உம்முடைய மகளை, எங்களை நடத்துகிற எங்கள் அக்காவை நினைத்தருளும் என்று கண்ணீர் விட்டுக் கேட்டேன். உண்மையான கண்ணீர்தான். இருபது பேரும் கண்ணை மூடியிருந்தார்கள், காதை மூடவில்லை. ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயரம்மா எழுந்து வந்து உங்கள் தலையில் கை வைத்தார்கள். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன்னைத்தான் கெடுத்துக்கொண்டது. நம் ஆட்களிடம் இது ஒரு வியாதி, அக்கா. ஊரார் வம்பு என்று சொல்வதை நாம் ஜெபக்குறிப்பு என்று சொல்லிக்கொள்கிறோம்.

திங்கட்கிழமை கைப்பையும் இல்லை, நீங்களும் இல்லை. வேறு பெட்டியில் ஏறத் தொடங்கியிருந்தீர்கள். தலைவி பொறுப்பு வேண்டாமென எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் தினமும் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்துவிட்டார், விஷயம் முடிந்தது என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். உங்களுக்கு ஒரு போன் செய்யத் தோன்றவில்லை. தோன்றியது, தைரியம் வரவில்லை என்று சொல்வதுதான் சரி.

திருவிருந்து ஞாயிறன்று பீடத்துக்குப் போக எழுந்தேன். எதிர் வரிசையில் நீங்கள் எழாமல் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களோடு ஒப்புரவாகாமல் பீடத்தில் எப்படி நிற்பது? திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அப்பமும் ரசமும் எடுக்காமல் வீட்டுக்குப் போய், சோறுகூட வடிக்காமல், ஊரப்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன்.

கோவளத்திலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஆண்டவரிடம் எவ்வளவு அழுதேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன். நீங்கள் நிமிரவில்லை.

"அவரை விடு. அவருக்கு நீ ஒண்ணும் பண்ணல. என்கிட்ட கேளு."

கேட்டேன். வாராவாரம் ஆராதனையில் பாவ அறிக்கை சொல்கிறவள்தான் நான். மன்னியுங்கள் என்ற அந்த ஒரு வார்த்தையை உங்கள் சமையலறையில் மூன்று தரம் தொடங்கித்தான் முடித்தேன். நீங்கள் கத்தியைக் கீழே வைத்தீர்கள்.

"மானம் போச்சுன்னு நான் அழல. அன்னிக்கு நீ அவ்ளோ உருகிக் கேட்டியே, அதையும் அவர் கேக்கலையேன்னுதான் அழுதேன்."

மீதி மீனுக்கு நான் செதில் எடுத்தேன். மீன் குழம்பு வைத்து இருவரும் சாப்பிட்டோம்.

மறுநாள் கைப்பை இருக்கையில் இருந்தது. அன்று முதல் நான் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வீர்கள். நானும் மூடிக்கொள்வேன். பல்லாவரம் வரை பேச்சில்லை. ஜெபம் வருகிறதா அக்கா என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்ல. ஆனா உக்காந்திருக்கேன். அவர் வந்து பாத்துட்டு, ஆள் இல்லைன்னு திரும்பிடக் கூடாதுல்ல."

பதினோரு மாதம் அப்படி உட்கார்ந்தீர்கள். ஒரு நாள் குரோம்பேட்டை தாண்டும்போது என் முழங்கையை இடித்து, "வந்துச்சு" என்றீர்கள். கன்னமெல்லாம் ஈரம். என்ன ஜெபித்தீர்கள் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. என் வாயை நான் அடக்கியது அதுதான் முதல் தடவை.

உங்கள் இதயம் நின்று எட்டு மாதமாகிறது. புதுத் தலைவி சனிக்கிழமைதோறும் ஜெபக்குறிப்பு கேட்கிறார். என்னிடம் வரும்போது ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிடுகிறேன்.

ஒன்று இருக்கிறது. உங்களை அடக்கம் செய்த நாளிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை, அக்கா. இதைச் சொல்ல எனக்கு இருந்தது நீங்கள் ஒருவர்தான். உங்களோடு அந்த ரயிலில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும் என்று இருக்கிறது.

ஆனாலும் தாம்பரத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்கிறேன். இன்றும் மூடிக்கொண்டேன். பல்லாவரம் வந்தது, போனது. நீங்கள் பதினோரு மாதம் உட்கார்ந்தீர்கள். எனக்கு எட்டுதான் ஆகிறது.